மொழி தெரிந்த மருந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் அடுகோடி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அடுகோடியில் குடியிருப்பவன் நான். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஓசூர்ச் சாலையில், நிம்ஹான்ஸ் என்று நாம் சொல்லும் தேசிய மனநல, நரம்பியல் கழகம் இருக்கிறது. அங்கே உருவாகும் ஒருவகை ஆசிரியர்களைப் பற்றியும், அவர்களுக்கும் நம் தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல உத்தரவு கேட்டு நிற்கிறேன்.

தமிழ்நாட்டில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டதை அறிவீர்கள். ஓசூர்ச் சாலை மதிலைக் கடக்கும்போது நம்மவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான். அந்த மதிலுக்குள் நோயாளிகள் மட்டும் இல்லை, மாணவர்களும் இருக்கிறார்கள் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையை ஒட்டி 1954-ஆம் ஆண்டில் அகில இந்திய மனநலக் கழகம் தொடங்கப்பட்டது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டே மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் பட்டயப் படிப்புகள் ஆரம்பமாயின. 1974-இல் மருத்துவமனையும் கழகமும் ஒன்றாகி இன்றைய பெயரைப் பெற்றன. 2012-இல் நாடாளுமன்றம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கிற்று. 1961-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்று, பின்னர் 1984-இல் சென்னையில் ஸ்கார்ப் அமைப்பை நிறுவிய டாக்டர் சாரதா மேனன் அம்மையார் மனநல மருத்துவம் பயின்றது இந்த ஊரில்தான். சென்னைக்குக் காவிரித் தண்ணீர் மட்டும் இங்கிருந்து போகவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். காக்னிடிவ் பிஹேவியர் தெரபி என்றொரு சிகிச்சை முறை உண்டு. எண்ண நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஆரன் பெக் 1960-களில் இதற்கு அடிகோலினார். மனச்சோர்வுற்றவர்களின் உள்ளத்தில் "நான் உதவாக்கரை", "இனி விடிவில்லை" என்பன போன்ற எண்ணங்கள் அழைக்காமலே வந்து போவதைக் கண்டார். அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, "இதற்கு என்ன சாட்சி?" என்று நோயாளியே விசாரிக்கக் கற்றுக்கொடுப்பதும், அஞ்சி விலகிய காரியத்தைச் சிறிது சிறிதாகச் செய்து பார்க்க வைப்பதுமே இந்த முறை. 1979-இல் அவர் தம் தோழர்களோடு எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. 1994-இல் தம் மகள் ஜூடித் பெக்குடன் சேர்ந்து, சிகிச்சையாளர்களைப் பழக்குவதற்கென்றே ஒரு நிலையம் கண்டார். நூறு வயது நிறைந்து, 2021-இல் மறைந்தார்.

பழக்குவது என்றேனே, அது புத்தகம் படித்துத் தேர்வு எழுதுவதன்று. மாணவர் நோயாளியோடு பேசும் பேச்சை, அவர் இசைவுடன், பதிவு செய்து மூத்தவர் கேட்கிறார். பதினொரு தலைப்புகளில் மதிப்பெண் இடுவதற்கு ஓர் அளவுகோலே உண்டு. மொத்தம் 66, நாற்பதுக்குக் குறைந்தால் இன்னும் பழக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நோயாளி சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்பதும் அத்தலைப்புகளில் ஒன்று. சங்கீதத்தில் குருவின் எதிரே அமர்ந்து பாடுவது போலத்தான். நிம்ஹான்ஸிலும் மருத்துவ உளவியல் மாணவர்கள் ஈராண்டுகள் மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் முறை நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேட்பீர்கள். என் தம்பியால் தெரிய வந்தது. அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

நாற்பத்திரண்டாம் வயதில் ஒருநாள் பேருந்தில் போகும்போது அவனுக்கு நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, மூச்சு முட்டிற்று. மருத்துவமனைக்கு ஓடினோம். இருதயத்தில் குறையில்லை என்றார்கள். பிறகு அது வாரம் ஒருமுறை வந்தது. முதலில் பேருந்தை விட்டான்; அப்புறம் மாடிப்படியை விட்டான்; கடைசியில் வேலையையும் விட்டான். இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அந்த இரண்டு ஆண்டும் நான் அவனுக்குச் செய்த உபகாரம், "ஆண்பிள்ளை இதற்கா பயப்படுவது?" என்று நாள் தவறாமல் கேட்டதுதான். கோயிலுக்கும் அழைத்துப் போனேன், மந்திரிப்பவரிடமும் அழைத்துப் போனேன். சரியான இடத்திற்குப் போக மட்டும் என் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

முடிவில் பயிற்சி பெற்றுவந்த ஓர் இளம்பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். மைசூர்ப் பக்கத்துப் பெண், தாய்மொழி கன்னடம், கடைத்தெருத் தமிழ் தெரியும். "அப்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டாள். "நெஞ்சு அடித்தது அம்மா" என்றான். மறுபடி கேட்டாள். "பயமாக இருந்தது" என்றான். மூன்றாம் முறையும் அதே பதில். நம் மக்கள் இப்படித்தான் பேசுவோம். எண்ணத்தைக் கேட்டால் உடம்பைச் சொல்லுவோம். "மனசு சரியில்லை" என்ற ஒரு தொடரில் துக்கம், கோபம், களைப்பு எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறோம். அவள் படித்த ஆங்கிலப் புத்தகத்தில் எண்ணம் வேறு, உணர்ச்சி வேறு என்று பிரித்திருக்கும். அந்தக் கோட்டை நம் அன்றாடப் பேச்சில் எங்கே போடுவது?

அடுத்த வாரம் வந்தபோது அந்தப் பெண் யாரிடமோ கேட்டு வந்திருந்தாள். "அந்த நிமிஷத்தில் உங்கள் மனசு உங்களிடம் என்ன சொல்லிற்று?" என்றாள். என் தம்பி வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்பா மாதிரி நீயும் இங்கேயே விழுந்து சாகப் போகிறாய் என்று சொல்லிற்று" என்றான். எங்கள் தந்தையார் நாற்பத்திரண்டு வயதில், சந்தையில் மாரடைப்பால் இறந்தவர். உடன்பிறந்த எனக்கு அந்தக் கணக்கு இரண்டு ஆண்டுகளாகத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது மந்திரமன்று. மருத்துவரின் இசைவு பெற்று அவனை மாடிப்படியில் வேகமாக ஏற வைத்தாள். நெஞ்சு அடிக்கும்; அடிக்கட்டும் என்று நிற்க வேண்டும்; சாகவில்லை என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு ஒரு நிறுத்தம் பேருந்து, பிறகு இரண்டு நிறுத்தம். பதினான்கு வாரம் ஆயிற்று. இன்றும் சில நாள் படபடப்பு வருகிறது என்கிறான். வந்தால் உட்கார்ந்து அது போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இவனுக்காவது கிடைத்தது. நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகைக்குத் தக்கபடி, நூற்றில் 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை பெறாதிருந்தனர். அப்படிப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு தீயில் வெந்த 28 பேரை நினைத்தால் பதில் தெரியும். 2022-இல் மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. 14416 என்ற எண்ணைச் சுற்றினால் தமிழிலும் பேசலாம். இந்த ஒரு செய்தியையாவது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

செயற்குழுவிற்கு ஒரு விண்ணப்பம். இருமல் மருந்துக்கு மொழி வேண்டாம். இந்த மருந்தோ பேச்சே ஆனது. இவ்வூரில் பயிலும் மாணவர்கள் பல மாநிலத்தவர். அவர்களிடம் வரும் தமிழர்களோ தருமபுரியார், வேலூரார், இங்கேயே பிறந்து கன்னடம் கலந்து பேசுவோர். நம் தாய்மார்கள் துயரத்தையும் பயத்தையும் எந்தெந்தச் சொல்லால் சொல்லுகிறார்கள் என்று தொகுத்து ஒரு சிறு கையேடு நாம் அச்சிட்டுத் தரலாகாதா? அகராதிச் சொற்கள் வேண்டாம். அடுப்படிச் சொற்கள் போதும். விரும்பும் மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ்ப் பேச்சு வகுப்பும் நடத்தலாம். என் தம்பி முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, நோயாளியாக நடித்துக் காட்டுகிறேன் என்கிறான். செலவுக் கணக்கை எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.