உறங்கும் பிள்ளையின் மூளை



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நம் பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், "இவர்களுக்கு எங்கே படிப்பு ஏறும்" என்று பிறப்பின்மேல் பழிபோடும் நாக்குகள் இன்னும் அடங்கவில்லை. அப்பழியை ஏற்குமுன் பிள்ளையின் உறக்கத்தை நாம் உற்றுநோக்க வேண்டும்.

மூளையின் உயிரணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் இயங்குகின்றன. மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாக 1924ஆம் ஆண்டில் பதிவு செய்தவர் செருமானிய மருத்துவர் ஆன்சு பெர்கர். 1971ஆம் ஆண்டில் பத்ரி, லியாகூபி, தசினாரி ஆகிய மூவர், ஆறு பிள்ளைகளிடம் கண்ட புதுமையொன்றை வெளியிட்டனர். விழித்திருக்கையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றிய வலிப்பு அலைகள், கண்ணயர்ந்ததும் ஓயாமல் தொடர்ந்தன. ஆழ்ந்த உறக்க நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேலும் இவ்வலைகள் நிறைந்திருத்தல் உண்டு.

பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்துவதில் இரவின் ஆழ்ந்த உறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வேளை குலைந்தால், நேற்றுப் படித்த எழுத்து இன்று மறக்கும்; நன்றாகப் பேசிய பிள்ளை சொல்லிழக்கும்; குணமும் மாறும். கைகால் வெட்டியிழுப்பது சிலருக்கு இருக்கும்; சிலருக்கு அறவே இராது. ஆதலால்தான் இந்நோய் மறைந்தே கிடக்கிறது. இது அரிய நோய். மந்தமாகப் படிக்கும் பிள்ளைக்கெல்லாம் இதுவே காரணம் அன்று. ஆனால் கற்றதை இழந்துவரும் பிள்ளையை அடிப்பதும், மக்கு என்பதும் கொடுமை. வளரிளம் பருவத்தில் அலைகள் தாமே அடங்குவது வழக்கம்; அதற்குள் இழந்த அறிவோ முழுதும் மீளாது போகலாம். காலந்தாழ்த்தலே பெருங்கேடு.

இராசபாளையத்து நூற்பாலைகளில் இரவுமுறை வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளை உறங்குவதைக் காண்பதில்லை. உடன் படுக்கும் பாட்டியிடம் கேளுங்கள்: வாய் கோணுகிறதா? எச்சில் வடிகிறதா? கை துடிக்கிறதா? வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டா. வாயில் எதையும் இட வேண்டா. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நில்லாவிடில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். உறக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி. பதிவு வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். விழிப்பில் எடுத்த பதிவு மட்டும் போதாது. சில வலிப்பு மருந்துகள் இந்நிலையை மிகுவிக்கவும் கூடும். எனவே தாமாக மருந்து தொடங்குவதும் நிறுத்துவதும் தகா.

பெண்பிள்ளைக்கு மணமாகாதே என்று நோயை மறைக்காதீர்கள். திருமணச் சட்டங்களில் வலிப்பு நோயாளருக்கு இருந்த தடையை 1999ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. சட்டம் விலக்கிய இழிவை நாம் சுமப்பானேன்?

ஆசிரியர் ஏட்டில் மதிப்பெண்ணோடு, சென்ற பருவத்தில் பிள்ளை அறிந்திருந்ததையும் குறித்துவைக்கட்டும். அக்குறிப்பே மருத்துவருக்கு முதற்சான்று. பிறப்பால் வந்த குறை என்று கைவிடப்பட்ட ஒரு பிள்ளையேனும் அதனால் மீளுமாயின், இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு அதுவும் ஒரு பயன் என்று கூறி அமைகிறேன்.