சுத்தியலை நம்ம பெண் பிள்ளையும் பிடிக்கட்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு விஷயத்தை முடிக்காமலே எழுந்து போனோம். விடுமுறையில் ஊர்ப் பூங்காவில் பிள்ளைகளுக்கு மரவேலை கற்றுத் தரலாம் என்று நாங்கள் சொன்னதும் ஒரு பெரியம்மா எழுந்தார். "எங்க பிள்ளைங்க படிச்சு மேல வரணும்னுதான் சேமிப்பு கட்டுறோம். நீங்க உளியக் கையில குடுக்குறீங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. 'குலக்கல்வி' என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

நாம் செய்யப் போவது அது இல்லை. பள்ளி நேரத்தில் ஒரு நிமிடமும் எடுக்க மாட்டோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து செய்வார்கள். செய்ததை விற்க மாட்டோம், அவரவர் வீட்டுக்கே போகும். 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016 சட்டத்திருத்தம் சொல்கிறது. அதை நாமே மறக்கலாமா?

ஒரு ஊரில் இதைச் செய்து பார்த்தோம். அதில் நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறோம். முதல் நாள் பையன்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் கண்ணில் அது படவே இல்லை. சாயந்திரம் ஒரு சிறுமி, "அக்கா, நான் ஒரு ஆணிகூட அடிக்கல" என்றாள். எங்களுக்குச் சுருக்கென்றது. மறுநாள் முதல் இரண்டு பேருக்கு ஒரு சுத்தியல், ஐந்து ஆணி அடித்ததும் கைமாற வேண்டும் என்று விதி வைத்தோம்.

செய்தது சிட்டுக்குருவிக் கூடு. பழைய பலகையில் ஆறு துண்டு போதும். வாசல் ஓட்டை ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர். பெரிதாகிவிட்டால் மைனா நுழைந்துவிடும். அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை வேண்டும். உள்ளே பெயிண்ட் அடிக்கக் கூடாது. பூனைக்கு எட்டாத உயரத்தில், நிழலான சுவரில் மாட்ட வேண்டும். பாடத்தில் பின்னக் கணக்கு என்றாலே ஓடுகிற பிள்ளை, ஒன்றேகால் எங்கே இருக்கிறது என்று ஸ்கேலில் தேடிக் கண்டுபிடித்தது.

பாதுகாப்பு முக்கியம். ரம்பத்தில் அறுப்பதும் ஓட்டை போடுவதும் ஆசாரி வேலை. சின்னப் பிள்ளைகள் உப்புத்தாள் மட்டும் தேய்க்கலாம். காலில் செருப்பு வேண்டும். தலைமுடியையும் துப்பட்டாவையும் இறுக்கிக் கட்ட வேண்டும். நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி கட்டாயம்.

அந்தச் சிறுமியின் அம்மாவைப் பிறகு பார்த்தோம். "வீட்ல முக்காலி ஆடிக்கிட்டே கிடந்துச்சு. அவங்க அப்பா வரட்டும்னு நான் சொன்னேன். அவளே ஆணி அடிச்சுட்டா" என்றார்.

ஆகவே இன்று மூன்று தீர்மானம் கேட்கிறோம். ஊராட்சியில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். ஆசாரிக்கு உரிய கூலி ஒதுக்க வேண்டும். குழுவுக்கு ஒருவர் முறை வைத்து இரண்டு மணி நேரம் பூங்காவில் இருக்க வேண்டும். பெரியம்மா, முதல் முறைக்கு நீங்களே வாங்க. உங்க கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.