குல்மார்க்: பனியில் கால் வைக்கும் முன்



ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டா உச்சியில் நின்றிருப்பீர்கள். அதன் உயரம் 2,637 மீட்டர். ஏறக்குறைய அதே உயரத்தில், காஷ்மீரின் பாராமுல்லா மாவட்டத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. அதுதான் குல்மார்க். மார்கழியில் நீலகிரியில் உறைபனி படிந்தாலும் வெயில் ஏறியதும் கரைந்துவிடும். குல்மார்க்கில் அதே மாதத்தில் விழத் தொடங்கும் பனி, நல்ல ஆண்டுகளில் பங்குனி வரை கிடக்கும். இவ்வளவு வடக்கே இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் குளிர்காலக் காற்று. வானிலை அறிக்கையில் ‘மேற்கத்திய இடையூறு’ என்று கேட்டிருப்பீர்கள். அது பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி இங்கே பனியாகக் கொட்டுகிறது.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வழியில் தங்மார்க் என்றொரு சிற்றூர். கனத்த பனி விழுந்த நாட்களில் சாதாரண வண்டிகள் அதற்கு மேல் ஏறுவதில்லை. சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கோ, நான்கு சக்கரமும் உந்தும் வண்டிக்கோ மாறித்தான் மிச்சமுள்ள 13 கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். அங்கேயே சாலையோரக் கடைகளில் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் நீளமான கோட்டும் வாடகைக்குத் தருவார்கள். பனியில் நடந்து படம் எடுத்துக்கொள்ள அவை போதும். சறுக்கப் போகிறவருக்கு இரண்டுமே உதவாது. கோட்டுக்குள் காற்று புகும், கால் தடுக்கும், விழுந்து எழுந்ததும் ஈரம் ஏறும்.

மேலே போய் இறங்கினால் கண்ணுக்கு முதலில் படுவது ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். கோடையில் கோல்ஃப் மைதானமாக இருப்பது குளிர்காலத்தில் பயிற்சிச் சரிவாக மாறிவிடுகிறது. சுற்றிலும் ஊசியிலை மரங்கள். கிளைகளில் தங்கிய பனி அவ்வப்போது பொத்தென்று விழும். ஓரத்தில் ஒரு சிறு மேட்டில் பிரிட்டிஷார் கட்டிய புனித மேரி தேவாலயம். இங்கே பனிச்சறுக்கை விளையாட்டாக வேரூன்றச் செய்தவர்களும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள்தான். 1927-இல் அவர்கள் ஒரு சறுக்குக் கழகமே தொடங்கினார்கள். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், ஜெனரல் திம்மையா ராணுவத்துக்கென இங்கே ஒரு சறுக்குப் பள்ளியை ஆரம்பித்தார். அது வளர்ந்து இன்று உயர்மலைப் போர்ப் பள்ளியாக நிற்கிறது.

கிண்ணத்தின் தெற்கு விளிம்பில் எழுந்து நிற்பது அஃபர்வத் மலை. கோண்டோலா என்று எல்லோரும் சொல்லும் கம்பிவடப் பெட்டி அதில் இரண்டு கட்டங்களாக ஏறுகிறது. 1998-இல் திறந்த முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் உள்ள கொங்டூரியில் கொண்டுவிடும். 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் 3,950 மீட்டரை நெருங்கும். புல்வெளியில் நின்றவருக்கும் அந்த மேல் நிலையத்தில் நின்றவருக்கும் இடையே 1,300 மீட்டர் உயர வேறுபாடு. வெப்பநிலையில் மட்டும் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். காற்றுத் தனி.

நான் சொல்ல வந்ததே இதிலிருந்துதான் தொடங்குகிறது. கீழே புல்வெளியில் இருப்பது ஒரு குல்மார்க், மேலே அஃபர்வத்தில் இருப்பது இன்னொரு குல்மார்க். எதற்குப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனால், பெட்டி நிறையத் துணி இருக்கும், உடம்பு நடுங்கும்.

முதன்முறை போகிறவர்கள், சந்தேகமே வேண்டாம், புல்வெளிக்குத்தான் போகிறீர்கள். அங்கே உங்களை மொய்க்கும் வழிகாட்டிகளில் சிலர் ஒரு மணி நேரத்துக்குச் சறுக்குப் பலகையை மாட்டி, கையைப் பிடித்து இழுத்து, நாலு படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் ஒன்றும் பாவமில்லை, ஆனால் அது பனிச்சறுக்கு கற்பதாகாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஒரு பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் பதிவு பெற்ற பயிற்சியாளர் ஒருவரை நாலைந்து நாளுக்குத் தொடர்ச்சியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் விழுவதும் எழுவதுமாகவே போகும். இரண்டு பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகற்றி, கூரை முகடு போல வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கக் கற்றுத் தருவார்கள். அது கைவந்த பிறகுதான் திரும்பக் கற்பீர்கள். இரண்டு நாள் பயணம் போட்டால், சரியாகக் கற்கத் தொடங்கும் நேரத்தில் விமானம் ஏற வேண்டியிருக்கும்.

எப்போது போவது? காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாளைச் சில்லாய் கலான் என்கிறார்கள். குளிரின் உச்சம் அது. இரவில் மைனஸ் பத்து என்பது குல்மார்க்கில் சாதாரணம். ஆனால் குளிர் இருந்தால் பனியும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2024 ஜனவரியில் நம்மூரில் பொங்கல் கொண்டாடிக்கொண்டிருந்தபோது குல்மார்க் புல்வெளி வறண்டு பழுப்பாகக் கிடந்தது. 2025-இல் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைப் பனிக்குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். எனவே பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துப் போய்வரலாம் என்ற கணக்கு இங்கே சரிப்படாது. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை என்று வைத்துக்கொள்வதே நல்லது. போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள் கையிருப்பாக விடுங்கள். பனி கொட்டினால் ஸ்ரீநகரில் விமானங்கள் ரத்தாவது புதிதல்ல.

இனி உடுப்புக்கு வருவோம். குளிருக்குப் பயந்து நாம் கனமான கம்பளிகளை அடுக்குகிறோம். பனிச்சறுக்கில் குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். பலகையோடு நாலு முறை மேட்டில் ஏறிப் பாருங்கள், மைனஸ் ஐந்தில் முதுகு வியர்த்து ஒழுகும். அந்த வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பனியனும் பருத்திச் சட்டையும், நீங்கள் நின்ற மறு நிமிஷமே உடம்புச் சூட்டை இழுக்கத் தொடங்கும். ஆகவே தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். கம்பளி நூலிலோ பாலியஸ்டரிலோ செய்த மெல்லிய தெர்மல் உடுப்பு முதல் அடுக்கு. அதன் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஃப்ளீஸ். வெளியே காற்றையும் நீரையும் தடுக்கும் ஜாக்கெட். ஒரே கனத்த கோட்டை மாட்டினால் போடலாம் அல்லது கழற்றலாம், அவ்வளவுதான். மூன்று அடுக்கு இருந்தால் நடுவில் ஒன்றை உருவிப் பையில் வைக்கலாம்.

புதியவர்கள் ஜாக்கெட்டுக்குச் செலவழிக்கும் காசில் பாதியைக் கால்சட்டைக்குச் செலவழிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கற்றுக்கொள்பவர் நாளில் பாதி நேரம் பனியில் உட்கார்ந்திருக்கிறார், மார்பில் பனி படுவது குறைவு. நீர் புகாத கால்சட்டை அவசியம். துணியின் சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்று நீர்த்தடுப்பு அளவு போட்டிருந்தால் போதும். ஜீன்ஸ் நனைந்து, விறைத்து, பலகை போலாகிவிடும். துப்பட்டாவும் நீள மஃப்ளரும் சரிவில் மேலே ஏற்றும் லிஃப்டில் சிக்கும் ஆபத்து உண்டு. கழுத்துக்குக் குழாய் வடிவத் துணி வாங்கிக்கொள்ளுங்கள், வாய் மூக்கு வரை இழுத்துவிடலாம். நம்மவர்களுக்குப் பிரியமான மங்கி குல்லாவை ஹோட்டலில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது.

கையுறை, காலுறை, கண்ணாடி மூன்றையும் வாடகைக்கு நம்ப வேண்டாம், சொந்தமாகக் கொண்டுபோங்கள். காலுறை விஷயத்தில் பலரும் கேட்க மறுக்கிறார்கள். குளிருக்காக இரண்டு சாக்ஸ் போட்டால் பூட்ஸுக்குள் கால் நெரிபட்டு ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை வரும் கம்பளி கலந்த மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும். கண்ணாடி அழகுக்கல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். புதுப் பனி அதில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால்தான் முகவாய்க்குக் கீழும் மூக்குத் துவாரத்தின் அடியிலும்கூட வெயில் சுடுகிறது. சன்ஸ்க்ரீனை அங்கேயும் தடவுங்கள். மேகமூட்ட நாளில் மேடு பள்ளம் தெரிய மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கண்ணாடி உதவும்.

பலகை, பூட்ஸ், ஊன்றுகோல், ஹெல்மெட் எல்லாம் குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் 15 கிலோ மூட்டைதான் இலவசம், இதையெல்லாம் விலைக்கு வாங்கிச் சுமப்பது வீண். இந்தியாவின் சார்பில் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் தனியொருவராகக் களமிறங்கிய ஆரிஃப் கான் இந்த வட்டாரத்துக்காரர். அவருடைய தந்தை குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தவர். இங்கே கடைக்காரர்களுக்குத் தொழில் தெரியும். ஆனால் கூட்ட நாளில் கையில் கிடைத்ததைத் தள்ளிவிடுவார்கள், நாம்தான் நின்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பூட்ஸுக்கே அதிக நேரம் கொடுங்கள். அதன் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். போட்டு நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. வசதியாக, தளர்வாக இருக்கிறதே என்று பெரிய அளவை எடுத்தால் கால் ஒரு பக்கம் திரும்பும், பலகை திரும்பாது. பலகையின் நீளம் உங்கள் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் நின்றால் கற்பவருக்குச் சரி. அடுத்தது பைண்டிங், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கொக்கி. விழும்போது அது தானாக விடுபட்டால்தான் முழங்கால் பிழைக்கும். எந்த அளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், திறமை எல்லாம் பார்த்துத் திருகுவார்கள். அங்கே மட்டும் எடையில் கௌரவம் பார்க்காதீர்கள், திறமையில் ஜம்பம் அடிக்காதீர்கள். மாட்டியதும் ஒருமுறை விடுவித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் பூட்ஸுக்குள் இருக்கும் பஞ்சுறையை வெளியே எடுத்து உலர்த்துங்கள். புகாரி என்று சொல்லும் விறகு அடுப்பு பல விடுதிகளில் இருக்கும். அதற்கு மிக அருகில் வைத்தால் கருகிவிடும். அடுப்பு எரியும் அறையை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கவும் கூடாது.

மேலேயுள்ள அஃபர்வத்தை உலகெங்குமிருந்து வருபவர்கள் தேடி வருவது அதன் தொடப்படாத தூள்பனிக்காக. கோண்டோலாவுக்கு நேர் கீழேயுள்ள சரிவை மட்டும் ரோந்துக் குழு கண்காணிக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் மலை தன்போக்கில் இருக்கும். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். அகன்ற பலகை மட்டும் போதாது. புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, துழாவும் நீளக் கம்பி, மண்வாரி, அவற்றைப் பயன்படுத்தப் பழகிய ஒரு துணை, உள்ளூர் வழிகாட்டி எல்லாம் வேண்டும். புதைந்து கால் மணி நேரம் கடந்துவிட்டால் பிழைப்பது அரிது. பலத்த காற்றடித்தால் இரண்டாம் கட்டக் கோண்டோலாவை நிறுத்திவிடுவார்கள். அந்த நாளில் வரிசையில் நின்று சண்டை போடுவதில் பயனில்லை.

தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் வராது என்று எண்ண வேண்டாம். குடகு நாட்டில் பிறந்த பவானி, கர்நாடகத்துக்காக இதே குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா பனிச்சறுக்குப் போட்டிகளில் தங்கம் வென்றிருக்கிறார்.

கிளம்பும் முன் இரண்டு விஷயங்கள். கோண்டோலாச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொண்டு புறப்படுங்கள்.