ஆலை போனபின் ஊரில் மிஞ்சுவது எது?

ஒரு தொழிற்சாலையைத் தங்கள் பக்கம் இழுக்க அரசாங்கங்கள் என்னென்னவோ கொடுக்கின்றன. நிலத்தை மலிவு விலைக்குத் தருகின்றன. முத்திரைத் தீர்வையைத் தள்ளுபடி செய்கின்றன. கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்கின்றன. முதலீட்டுக்கு மானியமும் உண்டு. தமிழ்நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் தொழில் கொள்கை, மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து, பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சலுகையைக் கூட்டியே வைத்திருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஆலையும் சென்னையைச் சுற்றியே குவிந்தால், மற்ற ஊர்ப் பிள்ளைகள் பிழைப்புக்குப் பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆனால் சலுகை கொடுக்கலாமா கூடாதா என்ற வாதத்திலேயே நம் பேச்சு நின்றுவிடுகிறது. கொடுப்பது யார் கைக்குப் போகிறது, அந்த ஆலை நாளைக்கே மூட்டை கட்டினால் ஊரில் எது மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு சிறு நகரத்துக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். அதற்கு ஒசூரைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை.

மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. அது ஆரம்ப காலத்திலேயே தொழில் வளாகம் அமைத்த இடங்களில் ஒசூரும் ஒன்று. அப்போது அது தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடந்த சிறிய ஊர். 1980 வாக்கில் அசோக் லேலண்ட் வந்தது. டிவிஎஸ் 50 மொபெட் அங்கிருந்து வெளியே வந்தது. பிறகு டைட்டன் கைக்கடிகாரம். பின்தங்கிய பகுதிக்கான சலுகைதான் இவர்களை இழுத்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. சலுகை மட்டுமே போதுமென்றால், சிப்காட் வளாகம் கிடைத்த மானாமதுரையும் இன்று இன்னொரு ஒசூராக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒசூருக்கு நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு இருந்தது. அங்கே எச்எம்டி 1961-லிருந்தே கைக்கடிகாரம் செய்துகொண்டிருந்தது. நுணுக்கமான இயந்திர வேலை தெரிந்தவர்களும், உதிரி பாகம் செய்து தரும் பட்டறைகளும் ஏராளம். அந்த அனுகூலத்தைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ள, மனை, சாலை, தண்ணீர், மின்சாரம் நான்கையும் ஒரே இடத்தில் தயாராக வைத்திருந்ததுதான் அரசு செய்த பெரிய காரியம். மானியம் அதற்குத் தோள் கொடுத்தது, அவ்வளவே.

டைட்டன் கதையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 1984-இல் அந்த நிறுவனம் டாடா குழுமமும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. அரசு சலுகை கொடுத்ததோடு ஒதுங்கிவிடவில்லை, பங்கு வாங்கிக்கொண்டது. இன்றும் டைட்டனில் 27.88 சதவீதப் பங்கு டிட்கோவிடம் இருக்கிறது. எண்ணிக்கையில் சுமார் 24.75 கோடி பங்குகள். 2023-24-ஆம் ஆண்டுக்கு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை அறிவித்தது. பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஆண்டில் 270 கோடி ரூபாய்க்கு மேல். நிறுவனம் தொடங்கி நாற்பது வருஷம் ஆகியும் பணம் அரசின் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. வரியைத் திருப்பிக் கொடுக்கும் சலுகையில் இது நடக்காது. அதில் பணம் ஒரே திசையில்தான் போகும். ஆட்கள் விஷயத்திலும் டைட்டன் வேறு வழியில் போனது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடுத்து, கடிகார வேலையை அங்கேயே கற்றுக்கொடுத்தது. கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டி, கடுகளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலை அது. கற்றுக்கொண்ட கையிலிருந்து அந்த வித்தையை யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

இதெல்லாம் நடந்து முடிந்தபின் சொல்வது சுலபம், டிட்கோ கூட்டு சேர்ந்த நிறுவனங்கள் எல்லாமா டைட்டன் ஆகிவிட்டன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவில்லைதான். பங்கு வாங்கினால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. அரசு அதிகாரிகள் நல்ல முதலீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. ஆனால் வரிச்சலுகையிலும் அதே ஆபத்து இருக்கிறதே. நிறுவனம் தோற்றால் விட்டுக்கொடுத்த வரி போனது போனதுதான். ஜெயித்தாலும் அது திரும்பி வராது. ஆக, பங்கில் வெற்றிக்காவது பலன் உண்டு, சலுகையில் அதுவும் கிடையாது. இரண்டுக்குமான வித்தியாசத்தைக் கணக்குப் பார்க்கிற எந்த வியாபாரியும் புரிந்துகொள்வார்.

ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது டைட்டன் கதைக்கு நேர் எதிர். 2005-இல் நோக்கியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. குறைந்த விலையில் குத்தகை நிலம், கட்டிய வரியைத் திருப்பித் தருவது என்று கைநிறையக் கொடுத்தார்கள். உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை பார்த்தார்கள். பிறகு வருமான வரித் தகராறு வந்தது. கம்பெனியின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பரில் மூடினார்கள். இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். அங்கே மிஞ்சியது என்ன? திருப்பிக் கொடுத்த வரி மிஞ்சவில்லை. நெடுஞ்சாலை மிஞ்சியது, துறைமுகத்துக்குப் போகும் வழி மிஞ்சியது, கைப்பேசியைக் கோத்து முடிக்கத் தெரிந்த ஆட்கள் மிஞ்சினார்கள். 2019-இல் சால்காம்ப் என்ற நிறுவனம் அந்த ஆலையை வாங்கி மறுபடி திறந்ததற்கும், அந்த வட்டாரத்தில் மின்னணுத் தொழில் திரும்பத் தழைத்ததற்கும் இவையே காரணம்.

நாம் கொடுக்காவிட்டால் பக்கத்து மாநிலக்காரன் கொடுத்துவிடுவானே என்பது இன்னொரு ஆட்சேபம். அதுவும் வெறும் பயமல்ல. 2017-இல் கியா கார் கம்பெனி ஆந்திராவின் பெனுகொண்டாவுக்குப் போனபோது இங்கே எழுந்த புலம்பல் பலருக்கு நினைவிருக்கும். போட்டி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சலுகைதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் நகரசபைகளே சொத்து வரியை விட்டுக்கொடுத்து ஆலைகளை அழைக்கும். அங்கே திமோத்தி பார்டிக் என்ற பொருளாதார அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2018-இல் ஒரு முடிவைச் சொன்னார். சலுகை பெற்ற நிறுவனங்களில், சலுகை இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்று சொல்லத் தக்கவை நூற்றுக்கு 2 முதல் 25 வரைதானாம். மற்றவை எப்படியும் வந்திருக்கும். அப்படியானால், நூறு பேருக்குக் கொடுப்பதில் குறைந்தது எழுபத்தைந்து பேருக்குக் கொடுப்பது வீண். விஸ்கான்சின் மாநிலத்து மவுண்ட் பிளெசன்ட் என்ற சிற்றூர் சலுகையின் ஆபத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2017-இல் ஃபாக்ஸ்கான் அங்கே 13,000 வேலை என்றது. 2021-இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 1,454 ஆகிவிட்டது. அந்த மாநிலம் ஒரு விஷயத்தில் தப்பித்தது: வரிச்சலுகையை வேலை எண்ணிக்கையோடு கட்டியிருந்ததால், வேலை வராதபோது பணமும் பெரும்பாலும் போகவில்லை. ஆனால் நிலம் வாங்கவும் குழாய் போடவும் ஊர் வாங்கிய கடன் நிஜமாகவே தலைமேல் ஏறியது.

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். நிலமும் குழாயும் ஊரில் மிஞ்சுகிறவை என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னாய், அதுவே கடனாகிவிட்டதே என்று. உண்மைதான். ஒரே வாடிக்கையாளரை நம்பி, அவர் கேட்ட அளவுக்குச் செய்தால் அதுவும் ஆபத்துதான். பலருக்கும் உதவுகிற மாதிரி செய்ய வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பின் சிப்காட் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு ஒரு குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. இன்றைக்கு அது ஒரு கம்பெனிப் பெண்களுக்குப் பயன்படுகிறது. நாளைக்குக் கம்பெனி மாறினாலும் கட்டடம் அங்கேயேதான் இருக்கும். நான் சொல்லும் சலுகை இந்த வகை. சின்னத் தொழில்களுக்கும் இதே கணக்குதான். லேத் பட்டறை வைத்து ஜாப் ஆர்டர் எடுக்கிறவருக்கு மாவட்டத் தொழில் மையம் தரும் மானியம் நல்லதுதான். ஆனால் பெரிய கம்பெனி 45 நாளில் பில் பணத்தைத் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே, அதை நடத்திக் காட்டினால் அவருக்கு மானியத்தைவிட அது பெரிய உதவி.

ஒசூர் 2019-இல் மாநகராட்சியானது. ஆனாலும் அதன் தேவைகள் தீர்ந்தபாடில்லை. குடிதண்ணீர் ஒகேனக்கலிலிருந்து வருகிறது. ஊருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரை பொங்கிக்கொண்டு ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். டைட்டன் ஈவுத்தொகை சென்னைக்குப் போகிறது. மாநகராட்சிக்கு மிஞ்சுவது சொத்து வரியும் தொழில் வரியும். ஆலைகளோடு ஒப்பந்தம் பேசும்போது கூடத்தில் அமைச்சர் இருக்கிறார், செயலர் இருக்கிறார், கம்பெனிக்காரர் இருக்கிறார். சாக்கடையும் தெருவும் பார்க்கிற மாநகராட்சிக்கு அங்கே இடமில்லை. அந்த 270 கோடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 27 கோடி, ஆண்டுதோறும் ஒசூருக்கே திரும்ப வேண்டும் என்று விதி வகுத்தால், அடுத்த ஆலைக்கு வேண்டிய சாலையையும் தண்ணீரையும் அந்த ஊர் யாரிடமும் கையேந்தாமல் தானே தயார் செய்துகொள்ளும். ஒப்பந்தங்களின் ஷரத்துகளையும் நகர மன்றத்தில் வைத்துவிட்டால், எத்தனை வேலைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கவுன்சிலர்களே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.