இரண்டு அனுமதிப்பத்திரங்கள்

(பதுளை மாவட்டத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். சம்பளத்தையும் காணியையும் வீட்டையும் பேச வேண்டிய மேடையில் இதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். பெற்ற சம்பளம் எங்கே போகிறது என்பதும் சம்பளப் பேச்சுத்தானே! ஆகவேதான் பேசுகிறோம்.

நமது ஊவா மலையின் வீதிகளை நீங்கள் அறிவீர்கள். 2021 மார்ச் 20ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ் வண்டி பசறை வீதியின் 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டனர். 2025 செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு, எல்ல-வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். இவற்றுக்கு மது காரணம் என்று நாம் கூறவில்லை. பசறையில் வீதியில் சரிந்து கிடந்த பாறை வழியைக் குறுக்கியிருந்தது. தெளிந்த கண்ணையே ஏமாற்றும் வீதி, மயங்கிய கண்ணை என்ன செய்யும் என்பதே நமது கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மது அருந்தி வாகனம் செலுத்துவதைக் குற்றமென்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது எல்லை. பொலிஸார் கையில் எழுதித் தரும் துண்டோடு, தபாற்கந்தோரில் பணம் கட்டித் தீர்க்கும் குற்றம் அன்று இது. நீதவான் முன் நிற்க வேண்டும். தண்டப்பணம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. சிறையும் உண்டு. அதற்கு மேல், சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். உயிர் போய்விட்டாலோ நீண்ட சிறை; அனுமதிப்பத்திரமே இரத்தாகும்.

இந்த 25,000 ரூபாய் எளிதில் வந்ததன்று. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அரசு இதனை அறிவித்தபோது தனியார் பஸ் சங்கங்கள் வண்டிகளை நிறுத்திப் போராடின. 2019இல் அது சட்டமாயிற்று. அனுமதிப்பத்திரம் இல்லாதவன் ஓட்டினாலும், இல்லாதவனை அமர்த்தி ஓட்ட வைத்தாலும் அதே தண்டம்தான்.

இத்தொகையைக் கொழுந்துக் கூடையால் அளந்து பார்ப்போம். 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம் 1,550 ரூபாய். வருகைக் கொடுப்பனவு 200 ரூபாய். முழுப் பேராகப் பதினான்கு நாள் மலையேறினாலும் 24,500 ரூபாய்தான்! மகன் குடித்த ஓரிரவுக்குத் தாய் இரண்டு வாரம் கொழுந்து பறித்தும் ஐந்நூறு ரூபாய் கடன்! தண்டம் விதிக்கப்படுவது மகனுக்கு, கட்டுவது தாய். மாளிகைக்காரனுக்கோ இது ஒரு விருந்தின் செலவு.

அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பது இருவருக்கும் சமம் அன்றோ என்பார்கள். பணத்தால் வாங்க முடியாத தண்டனை என்ற அளவில் அது நல்லதே. ஆயினும், செல்வன் அனுமதிப்பத்திரம் இழந்தால் சாரதி ஒருவனை அமர்த்திக்கொள்கிறான். அந்தச் சாரதி இழந்தால்? லயத்திலிருந்து வெளியே வந்து, லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் பிழைக்கும் நம் இளைஞன் இழந்தால்? அனுமதிப்பத்திரம் ஓராண்டு நின்றால் வருமானமும் ஓராண்டு நிற்கிறது. தவணைப்பணம் மட்டும் ஒரு மாதமும் நிற்பதில்லை.

அப்படியானால் ஏழைச் சாரதிக்குச் சலுகை கேட்கிறோமா? இல்லை தோழர்களே, இல்லவே இல்லை! அவனுடைய வண்டியில் இருப்பவர் யார்? நம் பிள்ளைகள். அவன் லொறியின் பின்னே நிற்பவர் யார்? நம் பெண்கள். ஏழையின் வண்டியில் சாவதும் ஏழைதான். தண்டனை இருக்கட்டும். நாம் கேட்பது, தண்டிக்கும் கை தன் மறு கையையும் பார்க்கட்டும் என்பதே.

அரசு இரண்டு அனுமதிப்பத்திரங்களை வழங்குகிறது. ஒன்று வாகனம் ஓட்ட. மற்றொன்று சாராயம் விற்க. வெள்ளையர் காலத்தில் சாராயக் குத்தகைப் பணம் அரசின் பெருவருவாய்களுள் ஒன்று. 1912இல் மதுவரிக் கட்டளைச்சட்டம் வந்தது.  தவறணை மட்டும் போகவில்லை. சம்பள நாளன்று சந்தியில் எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்று பாருங்கள். ஓர் அனுமதிப்பத்திரத்தால் வரி பெற்று, மற்றதைப் பறித்துத் தண்டமும் பெறும் அரசு, இடையில் கெட்ட குடும்பத்துக்கு என்ன தந்தது?

ஆகவே கேட்கிறோம். தோட்டங்களை அண்டிப் புதிய மதுக்கடைகள் வேண்டாம். இந்தச் சட்டம் எளிய தமிழில் ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். மடுல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் இரவில் பஸ் வேண்டும். வழியின்றி மயங்கியவன் வண்டியில் ஏறும் நிலை ஒழிய வேண்டும். குடியை விட விரும்புவோருக்கு மருத்துவ உதவி தோட்டத்திலேயே வேண்டும்.

கேட்பது அரசிடம், செய்ய வேண்டியது நம்மிடமும் இருக்கிறது. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் உடல் ஏறத்தாழ 15 மில்லிகிராம் அளவே மதுசாரத்தைக் குறைக்கிறது. நள்ளிரவில் 200 இருந்தவனுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கும் 125 இருக்கும். தேசிக்காய் பிழிந்தாலும், கறுப்புத் தேநீர் குடித்தாலும், பீலியில் தலை நனைத்தாலும் அது விரைந்து குறைவதில்லை. தூங்கி எழுந்தேன், தெளிந்தேன் என்று முதல் வண்டியை எடுப்பவன் சட்டத்தின் முன் குடித்தவனே. பள்ளத்தின் முன்னும் குடித்தவனே!

திருமண வீட்டிலும் சாவு வீட்டிலும், குடித்தவனின் கையிலிருந்து சாவியை வாங்குங்கள். அண்ணன் என்றும், மாமன் என்றும் தயங்காதீர்கள். அவன் கோபிப்பான், கோபிக்கட்டும். மறுநாள் காலை சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். நீதிமன்றம் வாங்கியதை ஓராண்டு கழித்துப் பெறலாம். பசறைப் பள்ளம் வாங்கியதை யார் திருப்பித் தருவார்?