குளிர் காலத்தில் முதலில் எழும்புவது யார்?

(மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் தொழில் செய்யும் இளைஞர் யுவதிகளும், அவர்களைப் பார்க்க வந்திருந்த பெற்றோரும் கூடிய தைமாதக் கூட்டமொன்றில் நாங்கள் ஆற்றிய உரை. தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களும் வாசிக்க வேண்டும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இந்த மண்டபத்தில் ஃபேன் சுழல்கிறது. ஆனாலும் நமக்கு வேர்க்கிறது. இதே நேரம் நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் நம் சொந்தக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையில் குந்தியிருப்பார்கள். கொட்டாஞ்சேனை கடல் ஓரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும். அந்தக் கணக்கில் பார்த்தால், கோட்டையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கும் பிள்ளை ஒரே பகலில் ஏறக்குறைய 10 பாகை கூடிய குளிருக்குள் போகிறது. அதனால்தான் "அங்கே குளிருதும்மா" என்று தாய் ஃபோனில் சொன்னால், இங்கே இருக்கும் பிள்ளைக்கு அது சரியாக உறைப்பதில்லை.

குளிரைப் பற்றி என்ன பேச்சு, அது வருஷா வருஷம் வருவதுதானே என்று சிலர் நினைக்கலாம். வானத்தில் வரும் குளிரை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்தக் குளிரை வீட்டில் யார் சுமக்கிறார் என்பதை மாற்றலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

மலைநாட்டில் குளிர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மழைக் குளிர். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் வந்து மோதும். மழையும் காற்றும் விடாது. உடுத்தின துணி காயாது, விறகு காயாது, படங்கு நனைந்து இடுப்பில் கனக்கும், காலில் அட்டை ஏறும். மற்றது பனிக் குளிர். தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும். பகலில் நல்ல வெயில். இரவில் மேகம் இல்லாததால் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் இறங்கித் தங்கும். அதனால்தான் ஆற்றோரத்து லயத்தில் மேட்டு லயத்தைவிடக் குளிர் அதிகம். நுவரெலியாப் பக்கத்தில் சில காலைகளில் புல்லில் வெள்ளையாக உறைபனி படியும். தேயிலைத் துளிர் கருகிப் போகும்.

ஊவாப் பக்கத்துக் கணக்கு வேறு. பதுளை, பசறை, லுணுகலைக்கு மார்கழி, தையில்தான் வடகீழ்ப் பருவ மழை. ஆடி, ஆவணியில் அங்கே வறண்ட காற்று அடிக்கும். ஆகவே ஒரு தோட்டத்துக்குச் சொன்னது இன்னொரு தோட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் மலைக்கு எந்த மாதம் எந்தக் குளிர் என்று வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். விடியற்காலை 4 மணி. 10க்கு 12 அடிக் காம்பராவில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். முதலில் எழும்புவது யார்? அம்மாதான். ஈர விறகை ஊதி ஊதிப் பற்ற வைப்பது, பீலிக்குப் போய் ஐஸ் மாதிரித் தண்ணீரைப் பிடிப்பது, ரொட்டி சுடுவது, சம்பல் அரைப்பது, பிள்ளைக்கு முகம் கழுவி விடுவது, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவது எல்லாம் அவர் வேலை. பிறகு பெரட்டுக்கு ஓட வேண்டும். பனி ஈரம் காயாத தேயிலைச் செடிக்குள் இடுப்பு நனைய நின்று கொழுந்து எடுத்து, மாலையில் வந்து மறுபடியும் அதே அடுப்பு, அதே தண்ணீர்.

1984ஆம் ஆண்டில் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. அதற்காக நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலையில் வந்த அந்தச் சமம் இன்னும் அடுப்பங்கரைக்கு வந்து சேரவில்லை. குளிர் காலத்தில்தான் இது நன்றாகத் தெரிகிறது. வெயில் காலத்தில் சமாளித்துக்கொண்டு போகிற தாய், பனிக் காலத்தில் இருமலோடும் கை கால் வெடிப்போடும் படுக்கையில் விழுகிறார். அவர் விழுந்தால் அந்த வீட்டில் ஒரு பேர் குறைகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. பிறகு எல்லோரும் சேர்ந்து கவலைப்பட்டு என்ன பயன்?

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் மருந்தைப் பற்றியது அல்ல. காலை வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே தண்ணீரைப் பிடித்து மூடி வைக்கலாம். மறுநாளைக்கு வேண்டிய விறகை மழை படாமல் உள்ளே கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்கலாம். இது வளர்ந்த பையன் செய்யக்கூடிய வேலை. பொம்பிளைப் பிள்ளை மட்டும்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைப்பது தகப்பனாருக்குப் பெரிய காரியமா? "ஆம்பள அடுப்பு மூட்டினா லயத்துல சிரிப்பாங்க" என்று ஒரு மாமா எங்களிடம் சொன்னார். நாங்கள் சொன்னோம்: "சிரிக்கட்டும் மாமா, இந்தத் தை முழுக்க மூட்டுங்க. அடுத்த தைக்கு அவங்க வீட்டுலயும் ஆம்பளதான் மூட்டுவாரு."

அடுத்தது புகை. குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டு உள்ளே விறகு எரிக்கிறோம். சூடு தங்கட்டும் என்று நினைக்கிறோம். சூட்டோடு புகையும் தங்குகிறது. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் உண்டாகும் புகையினால் உலகத்தில் 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். ஆகவே அடுப்பு எரியும்போது மேல் ஜன்னலையாவது திறந்து விடுங்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டோ மடியில் வைத்துக்கொண்டோ அடுப்பு ஊத வேண்டாம். சிலர் தணலை ஒரு தகரத்தில் அள்ளி, படுக்கும் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்து. தணலிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

பிள்ளைக்குச் சளி பிடித்தால் எப்போது பயப்பட வேண்டும் என்று தாய்மார் கேட்கிறார்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாதாரணத் தடிமன் அல்ல. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே போனாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குப் பணம் இல்லை. கொத்தமல்லித் தண்ணி பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அதுவும் வேண்டாம், தாய்ப்பால் ஒன்றே போதும். தாயின் நெஞ்சோடு ஒட்டி, மேலே கம்பளியைப் போர்த்தினால் அதைவிட நல்ல சூடு பச்சைப்பிள்ளைக்குக் கிடையாது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். சோறு, ரொட்டி சாப்பிட்ட கையோடு சாயத் தண்ணி குடிக்கிறோம். தேயிலையில் உள்ள சாயம் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தம் குறைந்த உடம்புக்குக் குளிர் இன்னும் அதிகமாகத் தெரியும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். "குளிருக்குத்தானே, கொஞ்சம் போட்டுக்கிட்டா என்னா?" என்று கேட்கிறார்கள். சாராயம் குடித்தால் சூடு ஏறுவது போலத் தெரிவது உண்மை. ஏன் தெரிகிறது? தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போகிறது. முகம் சுடும், உள் உடம்பு குளிரும். குடித்துவிட்டுப் பனியில் பாதையோரம் படுத்தவர் எழும்பாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். குளிரைச் சாட்டிக் குடிக்கிற பணத்தில் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை வரும். கசிப்பைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, அது விஷம்.

பணம் என்றதும் இன்னொன்று. மேற்குப் பக்கத்துத் தோட்டங்களில் தை, மாசியில் கொழுந்து குறைவு. தேயிலையின் மணமும் ருசியும் அப்போதுதான் நன்றாக இருக்கும், ஏலத்தில் நல்ல விலையும் போகும். ஆனால் கூடைக்கு வரும் கிலோ குறைவதால் மேலதிகக் கிலோவுக்கான காசும் குறையும். தீபாவளிக்கு வாங்கின முற்பணமும் மாதாமாதம் கழியும். பொங்கல் செலவும் பள்ளிக்கூடச் செலவும் சேர்ந்து வரும். கையில் காசு குறையும் நேரத்தில்தான் குளிரும் நோயும் வருகின்றன. ஆகவே கொழுந்து நிறைய வரும் சித்திரை, வைகாசியிலேயே பனிக் காலத்துக்கு ஒரு சீட்டுப் போடுங்கள். கம்பளி, சொக்ஸ், றப்பர் சீட்டு ஆகியவற்றை அப்போதே வாங்கிவிட்டால் தையில் வட்டிக்கு ஓட வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள். கடையிலும் வீடுகளிலும் ஹோட்டலிலும் நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். வருமானத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறீர்கள், திருநாளுக்குப் பை நிறையச் சாமான் கொண்டு போகிறீர்கள். அடுத்த முறை புது ஃபோனோ ஸ்பீக்கரோ வாங்குவதற்கு முன், வீட்டில் எத்தனை கம்பளி இருக்கிறது, அம்மாயி எதைப் போர்த்திப் படுக்கிறார் என்று கேளுங்கள். ஊருக்குப் போனால் விருந்தாளி மாதிரி விடியும் வரை தூங்காதீர்கள். லீவு கிடைத்த மூன்று நாளும் 4 மணிக்கு எழும்பி அடுப்பை மூட்டினால், அம்மா அந்த மூன்று நாளும் சூடாகத் தூங்குவார்.

மழை காலத்தில் உங்கள் ஃபோன் இன்னும் முக்கியம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையும் மலைநாட்டில் பல உயிர்களைக் கொண்டு போனது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று செய்தியில் சொல்வது இதைத்தான். கொழும்பில் செய்தி கேட்டவுடன் வீட்டுக்குச் சொல்லுங்கள். நிலத்தில் வெடிப்பு, ஊற்றில் சேற்றுத் தண்ணீர், மரமும் தூணும் சாய்தல் ஆகியவற்றைக் கண்டால் அறிவித்தல் வரும் வரை காத்திருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தாத்தாவை யார் கைபிடிப்பது, குழந்தையை யார் தூக்குவது, அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இருக்கும் பையை யார் எடுப்பது என்று வெயில் நாளிலேயே பேசி வையுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்ட வீட்டில் குளிரும் பிரிந்து போகும். ஒருவர் தலையிலேயே விழாது. இன்று இரவே வீட்டுக்கு ஃபோன் எடுத்து, நாளைக் காலையில் முதலில் எழும்புவது யார் என்று கேளுங்கள். தோட்டத்தில் இதை வாசிப்பவர்கள் அந்தக் கேள்விக்குப் பதிலை இன்று இரவே வீட்டில் பேசித் தீர்மானியுங்கள்.