கறந்த பாலும் காணாத கலப்படமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி இளைஞர்களுக்காக நடைபெற்ற சுயதொழில் வழிகாட்டி அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வளைகுடாவிலிருந்து திரும்பிய பின் சகோதரர்கள் நாங்கள் இருவரும் நமதூர்க் குளக்கரைக் கொல்லையில் மாட்டுப்பண்ணை தொடங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். இரண்டு கறவை மாடுகளுடன் தொடங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், இன்று எட்டு மாடுகள் நிற்கின்றன. கறந்த பாலை இடைத்தரகர் எவருமின்றி நேரே வீடுகளுக்கு அளந்து ஊற்றுவதே எங்கள் தொழில். "இதில் மாதம் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டு இளைஞர்கள் சிலர் எங்களிடம் வருகிறார்கள். அதற்கு விடை சொல்லத்தான் நிர்வாகம் எங்களை அழைத்துள்ளது. அந்த விடையை, நாங்கள் விற்ற பாலிலிருந்து தொடங்காமல், கீழே கொட்டிய பாலிலிருந்து தொடங்க அனுமதி வேண்டுகிறோம்.

உறையாத பால்

பண்ணை தொடங்கிய முதலாண்டு. ஒரு மாலை, கறவை மாடு ஒன்றின் மடியில் ஒரு காம்பு வீங்கிச் சூடாக இருந்தது. பால் திரிதிரியாக வந்தது. மடிநோய் என்று கண்டு கால்நடை மருத்துவரை அழைத்தோம். அவர் காம்பினுள் மருந்தைச் செலுத்தி, ஊசியும் போட்டு, மூன்று நாள் தொடரச் சொன்னார். பாலைப் பற்றியும் சொன்னார். நாங்கள்தாம் பாதியைக் காதில் வாங்கினோம். திரிந்த பாலை விற்கக் கூடாது என்ற அளவிலேயே எங்களுக்கு விளங்கியது. மற்ற மூன்று காம்புகளின் பால் வெண்மையாக, நல்ல மணத்துடன் இருந்தது. அதைப் பொதுக் கேனில் ஊற்றிவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை, எங்களிடம் பால் வாங்கும் மாமி ஒருவர் வாசலிலேயே நிறுத்தினார். "தம்பி, இரண்டு நாளாகத் தயிர் உறையவே இல்லை. பாலில் என்ன சேர்க்கிறீர்கள்?" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. "உங்கள் உறைமோர் கெட்டிருக்கும் மாமி" என்றோம். அவர் கண்ணெதிரிலேயே பால்மானியை மிதக்கவிட்டு, தண்ணீர் கலக்கவில்லை என்று காட்டிவிட்டு, வென்றவர்களைப் போலத் திரும்பினோம். அன்று மாலைக்குள் மேலும் இரண்டு வீடுகளில் இதே புகார் எழுந்தது.

மருத்துவரிடம் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. பாலைத் தயிராக்குபவை நுண்ணுயிர்கள். நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து பாலில் இருந்தால், உறைமோரில் உள்ள நல்ல உயிர்களையும் அது வளரவிடாது. ஒரு காம்பில் செலுத்திய மருந்து இரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் செல்லக்கூடும். ஊசி மருந்தோ மடி முழுவதற்கும் செல்லும். ஒரு மாட்டின் பால் கேனில் சேர்ந்தால் கேன் முழுவதும் கெட்டது. அம்மருந்து ஒத்துக்கொள்ளாதவர் எவரேனும் அந்தப் பாலைக் குடித்தால் ஒவ்வாமை நேரலாம். சிறு அளவில் மருந்து உடலுக்குள் போய்க்கொண்டே இருந்தால், நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் அது வழிவகுக்கும். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுமையாக நீங்குவதில்லை.

அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை. மறுநாள் பால் ஊற்றிய இருபத்திரண்டு வீடுகளுக்கும் சென்று, நடந்ததைச் சொல்லி, அந்நாள்களின் விலையைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு வீட்டார் அன்றோடு பாலை நிறுத்திக்கொண்டனர். அவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. மாமியோ, "முதலிலேயே என் பேச்சைக் கேட்டிருக்கலாமே!" என்று மட்டும் சொன்னார். அவர் இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார்.

அன்று முதல் எங்கள் கொட்டிலில் ஒரு விதி உண்டு. மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் காலில் சிவப்புத் துணி கட்டப்படும். அதனைக் கடைசியாக, தனி வாளியில் கறப்போம். மருத்துவர் சொல்லும் நாள்கள் கழியும்வரை நான்கு காம்புகளின் பாலும் குழிக்குத்தான் போகும். நாள் கணக்கைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்போம். ஞாபகத்தை நம்புவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கலப்படம்

பாலில் நீர் கலக்க மறுத்த அந்தப் பெண்மணியின் வரலாற்றை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பார்க்கவில்லை என்றாலும், பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அதன் பாடம். இன்று நீர் கலப்பதைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. நல்ல பசும்பாலில் பால்மானி பெரும்பாலும் 28க்கும் 32க்கும் இடையில் நிற்கும். நீர் சேர்த்தால் இறங்கும். எனினும் ஆடையை எடுத்தால் அது ஏறும். ஆடையையும் எடுத்து நீரையும் சேர்த்தால் சரியான இடத்திலேயே நிற்கும். ஆகவே அதனையே சான்றிதழாகக் காட்டுவது எங்களைப் போல் ஏமாறுவதற்கோ, பிறரை ஏமாற்றுவதற்கோதான் உதவும்.

கருவிக்கு எட்டாதவை இன்னும் உள்ளன. ஓர் ஐப்பசி அடைமழையில் கடலைப் புண்ணாக்கு மூட்டைகள் மூன்று நனைந்து, பச்சைப் பூஞ்சணம் பிடித்தன. வெயிலில் காயவைத்துத் தவிட்டுடன் கலந்து போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். மாடு தின்னும், பாலும் குறையாது. ஆனால் அந்தப் பூஞ்சணத்தில் அஃப்ளடாக்சின் எனும் நஞ்சு உண்டாகிறது. மாடு தின்றால் அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும். அது கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் வழிகோலுவது. வீட்டில் எவ்வளவு காய்ச்சினாலும் அது போகாது. மூன்று மூட்டைகளையும் புதைத்தோம். அம்மாதம் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. அந்தப் புண்ணாக்கைப் போட்டிருந்தால் வாங்குபவர் எவருக்கும் தெரிந்திருக்காது. இந்தத் தொழிலின் சோதனையே அதுதான்.

காய்ச்சியே குடியுங்கள்

'கறந்த சூட்டோடு குழந்தைக்குக் கொடுத்தால் பலம்' என்று கேட்டு வருவோர் உண்டு. நாங்கள் மறுத்துவிடுகிறோம். பார்வைக்கு நலமாக இருக்கும் மாட்டின் பாலிலும் காசநோய், புருசெல்லோசிஸ் ஆகியவற்றின் கிருமிகள் இருக்கக்கூடும். பின்னது மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்குவது. மனிதருக்கு வந்தால், விட்டுவிட்டுக் காய்ச்சலும் வியர்வையும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் வாட்டும். நான்கு முதல் எட்டு மாதத்திற்குள் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடவேண்டும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியுடன் இந்நோய்க்கான தடுப்பூசியும் சேர்க்கப்பட்டது. கரு கலைந்த மாட்டை வெறுங்கையால் தொடுவதும் ஆபத்தே.

பாலை 72 பாகைச் சூட்டில் 15 விநாடி, அல்லது 63 பாகையில் அரைமணி நேரம் வைத்தால் இக்கிருமிகள் மடியும் என்பதே பால் பண்ணைகள் பின்பற்றும் முறை. வீட்டில் அளந்து பார்க்க இயலாது. எனவே கிளறிவிட்டுப் பொங்கக் காய்ச்சிக் கொடுப்பதே பாதுகாப்பு. நாங்கள் தரும் பால் அட்டையின் முதல் வரியே, "இது காய்ச்சாத பால், காய்ச்சியே பருகவும்" என்பதுதான்.

எங்கள் கடமை அதோடு முடிவதில்லை. கறக்குமுன் மடியைக் கழுவித் துணியால் துடைக்கிறோம். முதல் சில பீய்ச்சல்களைக் கருநிறக் கிண்ணத்தில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்க்கிறோம். கறந்த பின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைக்கிறோம். கறந்த பால் உடல் சூட்டுடன் இருக்கும். நமதூர் வெயிலில் கிருமிகள் அதில் மளமளவென்று பெருகும். ஆகவே எவர்சில்வர் கேனைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் நிறுத்தி, பஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, இரண்டு மணி நேரத்திற்குள் கடைசி வீட்டில் ஊற்றிவிடுகிறோம். எட்டாத தெருக்களுக்கு எத்தனை பேர் கேட்டாலும் ஒப்புக்கொள்வதில்லை.

வரவும் செலவும்

இனி, இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம். எட்டு மாடுகள் என்றால் எட்டும் கறக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் அதற்கு ஓய்வு தரவேண்டும். எங்களிடம் ஒரே சமயத்தில் ஐந்துதான் கறவையில் இருக்கும். எட்டுக்கும் தீனி வேண்டும். செலவில் பாதிக்கு மேல் தீவனமே. அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் புல் வைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. புல்லுக்கு நிலமும் நீரும் இல்லாமல் மாடு வாங்காதீர்கள்.

சீம்பால் கேட்டு உறவினர் வருவார்கள். அது முதலில் கன்றின் உரிமை. பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் அது குடித்தாக வேண்டும். கன்றுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் அதில்தான் கிடைக்கிறது.

பள்ளி விடுமுறையில் வாங்குவோர் ஊருக்குப் போய்விடுவர். மாட்டுக்கு விடுமுறை இல்லை. ஆதலால் கூட்டுறவுப் பால் சங்கத்தில் உறுப்பினராகி, மிஞ்சும் பாலை அங்கே ஊற்றுங்கள். நோன்பு மாதத்தில் தேவை கூடும். மாடு கூடுதலாகக் கறக்காது. தண்ணீரும் ஊசியும் பாலுக்குள் நுழைவது அப்போதுதான். "இன்று பால் இல்லை" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துவிட்டுத் தொழிலைத் தொடங்குங்கள்.

எங்களுக்கு மிஞ்சுவது, குடும்பம் கடனின்றி நடக்கும் அளவுக்கு இருக்கிறது. வளைகுடாவில் பெற்ற ஊதியத்தை இது எட்டவில்லை. பாலைக் கொட்ட வேண்டிய நாள் வருடத்தில் சில முறையேனும் வரும். அந்த நாள்களின் நட்டத்தை முன்கூட்டியே விலையிலும் கணக்கிலும் சேர்த்து, மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். கையில் அது இல்லாதபோதுதான், கொட்ட வேண்டிய பாலைக் கேனில் ஊற்றக் கை நீளும். இது எங்கள் அனுபவம்.

தொடங்க விரும்புவோர், இன்ஷா அல்லாஹ், ஒரு வாரம் எங்கள் கொட்டிலுக்கு வந்து சாணம் அள்ளிப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்கும். வஸ்ஸலாம்.